எம்.பி.ஏ. அனலிட்டிக்ஸா, எம்.எஸ்சி. புள்ளியியலா? பள்ளிபாளையம் வாசகிக்குப் பதில்

கேள்வி: பள்ளிபாளையத்திலிருந்து எழுதுகிறேன் ஐயா. பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம். அப்பா எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ரயான் ஓட்டுகிறார். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. பிசினஸ் அனலிட்டிக்ஸ் சேரச் சொல்லி வீட்டில் பேச்சு. இரண்டு வருடத்துக்கு 7 லட்சம், லோன் வாங்க வேண்டும். எம்.எஸ்சி. புள்ளியியல் அரசுப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தால் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடியும். எங்கள் மேடம் ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் கழகம்) நுழைவுத் தேர்வு எழுது என்கிறார். மேனேஜ்மென்ட் சயின்ஸ், ஆபரேஷன்ஸ் ரிசர்ச், குவான்டிடேட்டிவ் மெத்தட்ஸ், அனலிட்டிக்ஸ் எல்லாம் ஒன்றா, வேறு வேறா என்றே எனக்குப் புரியவில்லை. சேலத்து மாமா "எம்.எஸ்சி. படிச்சா டீச்சர் வேலைதான்" என்கிறார். இதில் எந்தப் படிப்புக்கு மதிப்பு அதிகம்? தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான்.

பதில்: அம்மணி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் என் மகள் இருந்தால் ஐ.எஸ்.ஐ. தேர்வை எழுதச் சொல்வேன். கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் எம்.எஸ்சி. புள்ளியியல். எம்.பி.ஏ.வை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நாலைந்து வருடம் வேலை பார்த்த பிறகு படிக்கச் சொல்வேன். ஏன் இந்த வரிசை என்பதற்குத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் ரேடாரை எங்கே வைப்பது, கப்பல்களை எப்படிக் கூட்டமாக அனுப்புவது என்று பிரிட்டிஷ் ராணுவம் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னது. ஆபரேஷன்ஸ் ரிசர்ச், சுருக்கமாக ஓ.ஆர்., என்ற பெயர் அங்கிருந்து வந்தது. கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடுகிற சிம்ப்ளெக்ஸ் முறையை 1947-ல் ஜார்ஜ் டான்ட்சிக் கொடுத்தார். நீங்கள் ஓ.ஆர். பேப்பரில் அட்டவணை அட்டவணையாகப் போட்டுப் பார்த்தீர்களே, அதேதான். போர் முடிந்ததும் இதே கணக்கு கம்பெனிகளுக்குள் வந்தது. அமெரிக்காவில் 1952-ல் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்ற பெயரில் ஒரு சங்கமும், அடுத்த வருடமே மேனேஜ்மென்ட் சயின்ஸ் என்ற பெயரில் இன்னொரு சங்கமும் தொடங்கினார்கள். 1995-ல் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இரண்டு பெயரையும் ஒரே கடையின் இரண்டு போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குவான்டிடேட்டிவ் மெத்தட்ஸ் என்பது பெரும்பாலும் அந்தக் கணக்கையும் கொஞ்சம் புள்ளியியலையும் சேர்த்து எம்.பி.ஏ., பி.காம். மாணவர்களுக்குக் கொடுக்கிற பேப்பரின் பெயர். அனலிட்டிக்ஸ் புதிய போர்டு. உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

ஆகவே பட்டத்தின் பெயரை வைத்து மதிப்புப் போட முடியாது. எத்தனை செமஸ்டர் நீங்கள் கையால் கணக்குப் போடப் போகிறீர்கள் என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழக எம்.பி.ஏ. பாடத்திட்டத்தை எடுத்தால், எல்லோருக்கும் பொதுவாக முதல் செமஸ்டரில் ஒரு புள்ளியியல் பேப்பர், இரண்டாவதில் ஒரு குவான்டிடேட்டிவ் டெக்னிக்ஸ் பேப்பர். இரண்டாவது பேப்பரில் வருகிற எல்.பி. (லீனியர் புரோகிராமிங், கட்டுப்பாடுகளுக்குள் நல்ல விடை தேடும் கணக்கு), டிரான்ஸ்போர்ட்டேஷன், அசைன்மென்ட், க்யூயிங் (காத்திருப்பு வரிசைக் கணக்கு) எல்லாம் கணிதம் படித்த உங்களுக்குப் பழைய பாடம். அனலிட்டிக்ஸ் எடுத்தால் இரண்டாம் வருடம் சில விருப்பப் பாடங்கள் கூடும். எம்.எஸ்சி. புள்ளியியலில் நிகழ்தகவு, பரவல்கள், மதிப்பீடு, கருதுகோள் சோதனை, மாதிரியெடுப்பு, பரிசோதனை வடிவமைப்பு, பன்மாறிப் பகுப்பாய்வு, ஸ்டோகாஸ்டிக் பிராசஸ் என்று நாலு செமஸ்டரும் அதுவேதான்.

"அத்தனை தியரி எதற்கு, நடைமுறைக்கு உதவுமா?" என்று மாமா கேட்பார். அவருக்குப் பதில் உங்கள் வீட்டுத் தறிக்கூடத்திலேயே இருக்கிறது.

உங்கள் அப்பா எட்டுத் தறிக்கு நடுவில் நிற்கும்போது காதை மூடிக்கொள்ளும் அளவுக்குச் சத்தம். ஆனாலும் ஒரு தறி நின்றால் திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிடும். பாவு இழை அறுந்திருக்கும், இல்லை ஊடைத் தார் (குறுக்கு நூல் சுற்றிய கட்டை) தீர்ந்திருக்கும். போய் இழையை முடிந்து, தாரை மாற்றி, மறுபடி ஓட்டுகிறார். ஒரு பேச்சுக்கு, ஒரு தறி சராசரியாக 20 நிமிடம் ஓடி நிற்கிறது, சரி செய்ய 2 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 22 நிமிடத்தில் எட்டுத் தறிக்கும் சேர்த்து 16 நிமிட வேலை. மிச்சம் 6 நிமிடம் கை சும்மா இருக்கிறது. அப்படியானால் எந்தத் தறியும் ஆளுக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை, ஒவ்வொரு தறியும் நூற்றுக்கு 91 நிமிடம் ஓட வேண்டும். சாதாரணக் கணக்கு அப்படித்தான் சொல்லும்.

தறி அப்படி வரிசையாக நிற்காது. மூன்று தறி ஒரே நேரத்தில் நிற்கும், அப்புறம் கால் மணி நேரம் ஒன்றுமே நிற்காது. ஒன்றில் கை வைத்திருக்கும்போது மற்ற இரண்டும் சும்மா நிற்கின்றன. இதைக் க்யூயிங் தியரியில் போட்டுப் பார்த்தால், ஒரு ஆளுக்கு நாலு தறி என்றால் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 88 நிமிடம் ஓடுகிறது. எட்டு என்றால் 83. பன்னிரண்டு என்றால் 73. ஆள் கூலி மிச்சம் என்று பன்னிரண்டு தறியை ஒருவரிடம் விட்டால், மிச்சமான கூலியைவிட நின்ற தறியில் போன துணிக்காசு கூடுமா குறையுமா? எட்டு சரியா, ஆறு சரியா? அதை மீட்டர் கூலியையும் ஆள் சம்பளத்தையும் சேர்த்துப் போட்டால்தான் தெரியும். ரயானுக்குப் பதில் இழை அடிக்கடி அறுகிற வேறு நூல் வந்தால் பதிலே மாறிவிடும்.

இந்த 91-க்கும் 83-க்கும் நடுவில் இருக்கிற எட்டு நிமிடம்தான் நீங்கள் படிக்கப் போகிற பாடம். சராசரியை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது கண்ணில் படாது. திருப்பூரில் தையல் லைன், கோவையில் பம்ப் அசெம்பிளி, ஈரோட்டில் பிராசசிங், எங்கே போனாலும் இதேதான் வேறு உருவத்தில் நிற்கும். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் அழைப்புகள் காத்திருப்பதைப் பற்றி டென்மார்க்கின் எர்லாங் 1909-ல் எழுதியதில் தொடங்கிய கணக்கு இது. உங்கள் தறிக்கு அப்படியே பொருந்துகிறது.

சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்க ஒரு வாரப் பயிற்சி போதும். இந்தச் சூத்திரம் இங்கே பொருந்துமா என்று சந்தேகப்பட நாலு செமஸ்டர் வேண்டும். ஒரே மாதிரி ஆள், ஒரே மாதிரி தறி, எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாத நிறுத்தம் என்றெல்லாம் அதற்குள் அனுமானங்கள் இருக்கின்றன. ஒரு தறி மட்டும் பழசாகி அடிக்கடி நின்றால் என்ன செய்வது? அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளுக்குத்தான் கம்பெனியில் மதிப்பு.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நாமக்கல் பக்கம் ஒரு தீவன ஆலை. முட்டைக்கோழித் தீவனத்தில் மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, எண்ணெய் எடுத்த தவிடு, கிளிஞ்சல் என்று பல சரக்கு சேரும். புரதம் இவ்வளவுக்குக் குறையக் கூடாது, முட்டை ஓட்டுக்கான கால்சியம் இவ்வளவு வேண்டும், நார்ச்சத்து இதற்கு மேல் போகக் கூடாது. இத்தனையும் பார்த்துக்கொண்டு டன் விலை குறைவாக வரவேண்டும். அச்சு அசலாக எல்.பி. கணக்கு. ஒருநாள் கம்ப்யூட்டர் "விடை இல்லை" என்றுவிட்டது. அனலிட்டிக்ஸ் படித்து வந்த தம்பி சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது என்று நினைத்து சர்வீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல பையன், உழைப்பாளி. ஆனால் அந்தப் பதிலுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. புள்ளியியல் படித்த ஒரு பெண் வந்து கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். கையிருப்புத் தவிட்டைத் தீர்ப்பதற்காக முதலாளி குறைந்தபட்ச அளவு ஒன்றைப் போடச் சொல்லியிருந்தார். அதுவும் நார்ச்சத்தின் உச்ச அளவும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. அதோடு விடவில்லை. தவிட்டு அளவை ஒரு சதவீதம் குறைத்தால் டன்னுக்கு எவ்வளவு செலவு குறையும் என்றும் எடுத்துக் காட்டினார். ஷேடோ பிரைஸ் என்று நீங்கள் தேர்வுக்கு எழுதியது அதுதான். மறுநாளிலிருந்து முதலாளி சரக்கு வாங்குவதற்கு முன் அந்தப் பெண்ணைக் கேட்க ஆரம்பித்தார்.

எம்.பி.ஏ.வின் பலத்தையும் மறைக்கக் கூடாது. நான் எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்து ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்தேன். எந்த மெஷினில் நூல் கனம் மாறுகிறது என்று மூன்று மாதம் சார்ட் போட்டுச் சரியாகத்தான் கண்டுபிடித்தேன். மேனேஜர் அதை வாங்கி டிராயரில் வைத்தார், அங்கேயே கிடந்தது. மெஷினை நிறுத்திச் சரி செய்தால் எத்தனை கிலோ உற்பத்தி போகும், அதை எந்த ஷிப்டில் ஈடுகட்டலாம், எத்தனை நாளில் காசு திரும்பும் என்று அவர் பாஷையில் சொல்ல எனக்கு அப்போது தெரியாது. காஸ்டிங், மார்க்கெட்டிங், ஆட்களோடு பேசிக் காரியம் முடிக்கிற விதம், இதையெல்லாம் எம்.பி.ஏ. சொல்லிக் கொடுக்கிறது. எனக்கு அது வந்து சேரச் சில வருடங்கள் ஆயின.

ஆனாலும் நான் ஏன் கணக்கை முன்னால் வைக்கிறேன் என்றால், 21 வயதில் கணக்குப் பழக்கம் விட்டுப் போகாமல் இருக்கும்போது அதைத் தொடர்வது சுலபம். முப்பதில் வேலை, குடும்பம் என்று வந்தபின் மெஷர் தியரி மாதிரி கனமான கணிதப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எம்.பி.ஏ.வோ வேலை பார்த்துவிட்டுப் படித்தால்தான் இன்னும் நன்றாக ஏறும். வகுப்பில் ஒரு கேஸ் கொடுத்தால் உங்களிடம் சொல்வதற்குச் சொந்த அனுபவம் இருக்கும். கல்கத்தாவில் ஐ.ஐ.எம்., ஐ.எஸ்.ஐ. இரண்டும் கரக்பூர் ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து 2015-ல் பிசினஸ் அனலிட்டிக்ஸ் டிப்ளமோ ஒன்றைத் தொடங்கின. நிர்வாகம் ஓரிடம், புள்ளியியல் ஓரிடம், கம்ப்யூட்டர் ஓரிடம் என்று மூன்று பெரிய நிறுவனங்கள் பங்கு போட்டு நடத்துகிற பாடம் அது. ஆரம்பித்து இரண்டு மூன்று வருடமே ஆன ஒரு அனலிட்டிக்ஸ் துறை இந்த மூன்றையும் தானே கொடுக்கிறது என்றால், யார் பாடம் எடுக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

அப்புறம் காசு. இதை உங்கள் பாடமாகவே போடுவோம். வருடத்துக்கு 3.5 லட்சமாக 7 லட்சம் லோன், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கினால், அதற்குள் தனிவட்டியே 1.75 லட்சம் ஏறி 8.75 லட்சமாக நிற்கும். ஏழு வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 14,500 ரூபாய். மொத்தம் 12 லட்சத்துக்கு மேல். இந்தப் பணத்துக்கு ஈடாக, எம்.எஸ்சி. முடித்தவரைவிட மாதம் 14,500 ரூபாய் கூடுதலாக, ஏழு வருடமும் விடாமல் அந்த எம்.பி.ஏ. சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்குமா?

அந்தக் கேள்விக்குக் கல்லூரி நோட்டீசில் பதில் இருக்காது. அங்கே "அதிகபட்ச சம்பளம்" பெரிய எழுத்திலும், "சராசரி" சின்ன எழுத்திலும் இருக்கும். பத்துப் பேரில் ஒன்பது பேர் வருடம் 3 லட்சம், ஒருவர் 23 லட்சம் வாங்கினால் சராசரி 5 லட்சம். ஐந்து லட்சம் வாங்குகிறவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது இடைநிலை, அதாவது மீடியன்: எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவரின் சம்பளம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற கல்லூரிகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் மீடியன் சம்பளம் எவ்வளவு என்று ஒவ்வொரு வருடமும் கொடுக்கின்றன. கல்லூரியின் இணையதளத்திலேயே அந்தத் தாள் இருக்கும். எடுத்துப் பாருங்கள். அந்தத் தாளே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

வீட்டில் எம்.பி.ஏ.தான் என்று முடிவாகிவிட்டாலும், நேரடியாகப் போய் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்ட வேண்டாம். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. கலந்தாய்வைக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, நம் ஜி.சி.டி., நடத்துகிறது. அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் நான் மேலே போட்ட கணக்கே மாறிப்போகும்.

மாமா சொன்ன டீச்சர் வேலை. அது குறைந்த வேலை என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மேடம் ஒரு டீச்சர்தானே, அவர்தான் உங்களை ஐ.எஸ்.ஐ. பக்கம் திருப்பினார். ஆனால் அது ஒன்றுதான் வழி என்பது சரியில்லை. யு.பி.எஸ்.சி. நடத்துகிற இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் புள்ளியியல் படித்திருக்க வேண்டும். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி.யும் புள்ளியியல் பணிகளுக்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறது. அனலிட்டிக்ஸ் எம்.பி.ஏ. மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கதவுகளைத் தட்ட முடியாது. தனியாரில் "ஆபரேஷன்ஸ் ரிசர்ச் அனலிஸ்ட் தேவை" என்று நம் ஊரில் போர்டு தொங்காது. திருப்பூர் கார்மென்ட் கம்பெனியில் அதே வேலைக்கு ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) என்றும் பி.பி.சி. (உற்பத்தித் திட்டமிடல், கட்டுப்பாடு) என்றும் பெயர். ஆலைகளில் தரக்கட்டுப்பாடு. கோவை ஐ.டி. கம்பெனிகளில் டேட்டா அனலிஸ்ட். பெயரைத் தேடாமல் வேலையைத் தேடினால் கிடைக்கும்.

ஐ.எஸ்.ஐ. பற்றி. மகலனோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம். அங்கே உங்களுக்குப் பொருத்தமானது எம்.எஸ். குவாலிட்டி மேனேஜ்மென்ட் சயின்ஸ் என்ற இரண்டு வருடப் படிப்பு, பெங்களூரிலும் ஐதராபாத்திலும் நடக்கிறது. நீங்கள் பெயர் கேட்டுக் குழம்பிய மேனேஜ்மென்ட் சயின்ஸ், ஓ.ஆர்., புள்ளியியல் மூன்றும் ஒன்றாக வருகிற இடம். தொழிற்சாலைக்குள் போய்ச் செய்கிற புராஜெக்டும் உண்டு. கல்விக் கட்டணம் வாங்காமல் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிற நிறுவனம் அது. சேரும் வருடத்து அறிவிப்பில் அந்த விவரத்தைப் படித்துக்கொள்ளுங்கள். நுழைவுத் தேர்வு வழக்கமாக மே மாதம். பழைய கேள்வித்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். கேள்விகள் கடினம்தான், மனப்பாடம் உதவாது. இன்றிலிருந்து தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பெங்களூர் தூரம் என்று அப்பா யோசித்தால், ஐ.எஸ்.ஐ.யின் தரக்கட்டுப்பாடு, ஓ.ஆர். பிரிவு ஒன்று கோவையிலேயே இருக்கிறது என்று சொல்லுங்கள். அங்கே ஒருமுறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், படித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று நேரிலேயே கேட்டுவிட்டு வாருங்கள்.

எம்.எஸ்சி.க்குப் பக்கத்தில் சேலம் பெரியார் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம் இரண்டிலும் புள்ளியியல் துறை இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம். எம்.எஸ்சி.யில் சேர்ந்துவிட்டுப் பாடப் புத்தகத்தோடு நின்றால் மாமா சொன்னது பலித்துவிடும். கம்ப்யூட்டர் மொழிகளில் ஆர் அல்லது பைத்தான் இரண்டில் ஒன்றை முதல் செமஸ்டரிலேயே பிடித்துவிடுங்கள், இரண்டுமே இலவசம். ஓ.ஆர்.க்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் ஜி. சீனிவாசனின் என்.பி.டி.இ.எல். இணைய வீடியோ வகுப்புகள் காசில்லாமல் கிடைக்கின்றன. கரும்பலகையில் ஒவ்வொரு வரியாக எழுதிக் காட்டுவார். பின்னிரவில் உட்கார்ந்து பார்த்தாலும் புரியும். லீவில் ஏதாவது ஒரு கம்பெனியில் சம்பளம் பேசாமல் ஒரு மாதம் நின்று, லெட்ஜர் எப்படி இருக்கிறது, சரக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள்.

தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அவனுக்கு இதே பக்கம் ஆசை இருந்தால், கோவை சி.ஐ.டி. கல்லூரியில் டிசிஷன் அண்ட் கம்ப்யூட்டிங் சயின்சஸ் என்று ஐந்து வருட எம்.எஸ்சி. இருக்கிறது. பி.எஸ்.ஜி. டெக்கில் டேட்டா சயின்ஸ் ஐந்து வருடம். பிளஸ் டூவில் கணிதத்தை விடாமல் படிக்கச் சொல்லுங்கள், மற்றதை அடுத்த வருடம் பேசுவோம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. எந்தப் படிப்பில் சேர்வது என்று முடிவெடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துத் தறிக்கூடத்தில் தொங்கவிடுங்கள். எட்டுத் தறிக்கும் நம்பர் போடுங்கள். ஒரு வாரம், தினம் இரண்டு மணி நேரம், எந்தத் தறி எத்தனை மணிக்கு நின்றது, எதற்காக நின்றது, எத்தனை மணிக்கு மறுபடி ஓடியது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். முடிந்ததும் எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் ஆளுக்காகக் காத்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். எந்தத் தறி அதிகம் நிற்கும் என்று அப்பாவை முதலிலேயே கேட்டு, அவர் சொன்னதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். அந்த வாரக் கணக்கு உங்களுக்கு அலுப்பாக இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், எம்.பி.ஏ. பற்றி மறுபடி பேசலாம். பிடித்திருந்தால் அந்த நோட்டின் நகலை எனக்கு அனுப்புங்கள். ஆறு தறியா எட்டுத் தறியா என்று சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.